செல்போன் வழியே ஒரு சங்கைச் சுற்றி நடப்பது: சிறு பிள்ளைகளின் இடம்சார் திறனுக்கு ஏ.ஆர். எப்படி உதவும்?

பாம்பன் பழைய ரயில் பாலம் கப்பலுக்கு எப்படி வழிவிட்டது என்று ஓர் ஆறு வயதுப் பிள்ளையிடம் கையால் காட்டச் சொல்லுங்கள். நேரிலோ வீடியோவிலோ பார்த்த பிள்ளையாக இருந்தால், இரண்டு உள்ளங்கைகளையும் விரல் நுனி தொடும்படி படுக்க வைத்து, மணிக்கட்டு அசையாமல் இரண்டையும் மேலே தூக்கிக் காட்டும். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் அப்படித்தான் இரண்டு கதவுகளாகப் பிரிந்து எழுந்தது. அப்புறம் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தைக் காட்டச் சொன்னால், ஒரு கையை மட்டும் படுத்த வாக்கிலேயே நேராக உயர்த்தும். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, சாயாமல் திரும்பாமல் 17 மீட்டர் மேலே போகிறது. ஒன்று சுழல்வது, மற்றது நகர்வது. பாடம் எதுவும் நடத்தாமலேயே பிள்ளை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இதைத்தான் இடம்சார் திறன் என்கிறோம். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அதைத் திருப்பினாலோ மடித்தாலோ வெட்டினாலோ எப்படித் தெரியும், நாம் வேறு இடத்தில் நின்றால் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் கையால் தொடாமல் மனதுக்குள்ளேயே செய்து பார்க்கும் திறன். பாம்பனை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் சிறு பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்துக்கும் எண்ணுக்கும் நாம் கொடுக்கும் கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கொடுப்பதில்லை. செல்போனில் இருக்கும் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., இந்தத் திறனை வளர்க்க எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் திறனையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மனதுக்குள் ஒரு பொருளைத் திருப்பிப் பார்ப்பதை மனச்சுழற்சி என்பார்கள். 1971-இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒரே உருவமா, இல்லை ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆகும் நேரமும் அதே சீராகக் கூடிக்கொண்டே போனது. கையில் ஒரு பொருளை நிறையத் திருப்ப அதிக நேரம் ஆவதுபோலவே மனதுக்குள் திருப்பவும் ஆகிறது.

இன்னொன்று, மற்றவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் மூன்று மலைகளின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு பொம்மையை உட்கார வைத்து, பொம்மைக்கு என்ன தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். நம் பக்கத்தில் இதற்கு மேசைகூட வேண்டாம். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில், பாலத்தின் மேல் இடது கைப் பக்கம் இருப்பது பாக் நீரிணை, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. திரும்பி வரும்போது மன்னார் வளைகுடா எந்தக் கைப் பக்கம்? ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வலது கையைத்தான் தூக்குவார்கள். அது தவறில்லை, வளர்ச்சியில் ஒரு படி.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1960-இல் சுமார் 4 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து, பதினோரு வருடம் கழித்து அவர்கள் என்ன படித்தார்கள், என்ன வேலைக்குப் போனார்கள் என்று பார்த்தார்கள். அந்தத் தரவுகளை 2009-இல் ஜோனதன் வாய், டேவிட் லுபின்ஸ்கி, கமில்லா பென்போ மூவரும் ஆராய்ந்தபோது, அறிவியலுக்கும் பொறியியலுக்கும் போனவர்களிடம் பள்ளி வயதிலேயே இடம்சார் திறன் கூடுதலாக இருந்தது தெரிந்தது. கணக்கு மதிப்பெண்ணையும் மொழி மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 2014-இல் யி-லிங் செங், கெல்லி மிக்ஸ் இருவரும் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் அமர்வில் மனச்சுழற்சிப் பயிற்சி கொடுத்தார்கள். 4 + □ = 11 மாதிரியான விடுபட்ட எண் கணக்குகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு. டேவிட் உட்டாலும் உடன் பணியாற்றியவர்களும் 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டார்கள். இடம்சார் திறன் பயிற்சியால் வளரும். வளர்ந்தது கொஞ்ச காலமாவது நிற்கும். பயிற்சி கொடுக்காத வேறு வேலைகளுக்கும் அது பரவும். "இவளுக்குப் படம் வராது", "இவனுக்குத் திசையே தெரியாது" என்று ஐந்து வயதிலேயே முத்திரை குத்துவதை இதைப் படித்த பிறகாவது நாம் நிறுத்த வேண்டும்.

சரி, ஏ.ஆர். என்றால் என்ன? செல்போன் கேமராவைத் தரையை நோக்கிப் பிடிக்கிறீர்கள். திரையில் உங்கள் வீட்டுத் தரை தெரிகிறது. அதன்மேல், உண்மையில் அங்கே இல்லாத ஒரு சங்கு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போனோடு சுற்றி நடந்தால் சங்கின் பின்பக்கம் தெரிகிறது, குனிந்தால் அடிப்பக்கம், கிட்டே போனால் பெரிதாகத் தெரிகிறது. கண்ணை முழுக்க மூடும் கருவியை மாட்டி வேறோர் உலகத்துக்குள் கொண்டுபோவது விர்ச்சுவல் ரியாலிட்டி. ஏ.ஆரில் உங்கள் வீடும், பாயும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியும் அப்படியே இருப்பார்கள். கூடுதலாக ஒரு பொருள் வந்து சேரும். ஐவன் சதர்லேண்ட் 1968-லேயே தலையில் மாட்டும் கருவியில் இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். பெயர் வைத்தது 1990 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் கோடல். சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது 2016-இல் வந்த போக்கிமான் கோ விளையாட்டு.

அந்தச் சங்கு எப்படி அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பிள்ளைகளோடு செய்யும்போது பாதித் தொல்லை குறையும். கேமரா தரையில் இருக்கும் சின்னச் சின்ன அடையாளங்களைத் தேடிப் பிடிக்கிறது: கோரைப்பாயின் கோடு, ஓலை முடைந்த முனை, ஒரு கறை. போனுக்குள் இருக்கும் உணரிகள் போன் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து, போன் இப்போது எங்கே இருக்கிறது என்று நொடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு, அதற்கேற்ப சங்கை வரைகிறது. ஆகவே கோடும் கட்டமும் உள்ள பாயில் நன்றாக நிற்கும். வெறும் வெள்ளை டைல்ஸிலும் பளபளக்கும் தரையிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். உச்சி வெயிலில் கடற்கரையில் எடுத்தால் திரையே தெரியாது. காலை வெளிச்சம் வரும் திண்ணை போதும், ஒரு பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

தரையைத் தானே கண்டுபிடிக்கும் வகை இது. அச்சடித்த ஓர் அட்டையையோ புத்தகப் படத்தையோ காட்டினால் அதன்மேல் உருவம் எழும் வகை இன்னொன்று. அட்டையைத் திருப்பினால் உருவமும் திரும்பும் என்பதால் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு அது எளிது. நம் பாடப் புத்தகங்களில் இருக்கும் க்யூ.ஆர். கோடையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். க்யூ.ஆர். கோடு உங்களை ஒரு வீடியோவுக்கோ பக்கத்துக்கோ அழைத்துப் போகும், அவ்வளவுதான்.

வீடியோவுக்கும் ஏ.ஆருக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. வீடியோவில் சங்கு சுழலும்போது அதை வேறு யாரோ சுழற்றுகிறார்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். ஏ.ஆரில் பிள்ளை நடந்தால்தான் காட்சி மாறும். தன் கால் எடுத்து வைக்கும் அடிக்கும், கண்ணில் தெரியும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளையின் உடம்பே கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த நடைக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும்: "அந்தப் பக்கம் போனா என்ன தெரியும்?" பிள்ளை முதலில் மனதுக்குள் நடந்து ஒரு பதில் சொல்ல வேண்டும், பிறகு காலால் நடந்து சரிபார்க்க வேண்டும். கேள்வி இல்லாமல் போனைக் கொடுத்துவிட்டால், பிள்ளை திரையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் மனச்சுழற்சி வளரும் என்று நான் நம்பவில்லை.

சங்கையே எடுத்துக்கொண்டு இதை விரிவாகச் சொல்கிறேன். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் சங்கைப் பார்க்காத பிள்ளை கிடையாது. முதலில் நிஜச் சங்கைக் கையில் கொடுங்கள். போன் வெளியே வர வேண்டாம். வாயில் விரலை விட்டுப் பார்க்கட்டும், உச்சியைத் தடவட்டும், கண்ணை மூடிக்கொண்டு திருப்பட்டும். ஊதுவதற்குத் துளையிடும் உச்சி மேலே இருக்கும்படி, வாய் தன்னைப் பார்க்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். சாதாரணச் சங்கில் வாய் வலது பக்கமாக இருக்கும். வலம்புரியை இதே மாதிரி பிடித்தால் வாய் இடது பக்கம் வரும். வலம்புரி மிக அரிது; ஒரு வகுப்பில் கொண்டுவந்து காட்ட முடியாது.

இங்கேதான் ஏ.ஆர். தன் வேலையைச் செய்கிறது. சங்கைச் சுற்றிலும் பல கோணங்களில் போட்டோ எடுத்தால் அதை முப்பரிமாண மாதிரியாக மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. மெருகேற்றாத, பளபளப்பில்லாத சங்காக இருந்தால் மாதிரி நன்றாக வரும். அந்த மாதிரியை ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி இன்னொரு பிரதி எடுக்கலாம். கணினி தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ தெருவில் இருந்தால் ஒரு மாலை வேலை. இரண்டையும் போனில் ஏ.ஆரில் திறந்தால் பாயின்மேல் இரண்டு சங்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: ஒன்று நம் கையில் இருப்பது, மற்றது வலம்புரி.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தச் சங்கைத் திருப்பித் திருப்பி அந்தச் சங்காக மாற்ற முடியுமா? எங்கள் திண்ணையில் ஒரு சிறுமி உடனே சொன்னாள், "தலைகீழாப் பிடிச்சா ஆயிரும் டீச்சர்." நல்ல யோசனை, அதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. கையிலிருந்த சங்கைத் தலைகீழாக்கினாள். வாய் இடது பக்கம் வந்துவிட்டது. முகம் மலர்ந்தது. பாயில் நிற்கும் வலம்புரியைப் போனில் பார்த்தாள். அதன் வாயும் இடது பக்கம்தான், ஆனால் அதன் உச்சி மேலே இருக்கிறது, இவள் சங்கின் உச்சி தரையைப் பார்க்கிறது. உச்சியை மேலே கொண்டுவந்தால் வாய் வலதுக்குப் போய்விடுகிறது. இன்னும் பலவிதமாகத் திருப்பினாள். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தாள். கடைசியில், "ரெண்டும் வேற வேற, எப்படித் திருப்புனாலும் சேராது" என்றாள். ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் பெரியவர்களிடம் கேட்ட அதே கேள்விக்குத்தான் அவள் தன் கையாலும் காலாலும் பதில் கண்டுபிடித்தாள். திருப்பம் வேறு, கண்ணாடிப் பிம்பம் வேறு என்பது சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கடினமான விஷயம். ஆங்கிலத்தில் பி (b), டி (d) சின்ன எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவதிலும் இது தெரியும்.

அப்புறம் போனை வைத்துவிட்டுக் களிமண்ணில் ஒரு சங்கு பிசையச் சொல்லுங்கள், மேலேயிருந்து பார்த்தால் தெரிவதை வரையச் சொல்லுங்கள். நிஜப் பொருளுக்கும் தாளில் இருக்கும் தட்டையான படத்துக்கும் நடுவில்தான் ஏ.ஆரின் இடம். பாடப் புத்தகத்தில் கனசதுரத்தை வரைந்தால் மூன்று பக்கங்கள்தான் தெரியும். மீதி மூன்றும் எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியின் முப்பரிமாணப் பிரிவில் கனசதுரத்தையோ கூம்பையோ உண்டாக்கிப் பாயில் நிற்க வைத்துச் சுற்றி வந்த பிறகு, அந்தப் படம் பிள்ளைக்கு வேறுமாதிரி பேசும்.

அளவு தெரிவதற்கும் ஏ.ஆர். நல்லது. கடற்பசு சுமார் 3 மீட்டர் நீளம் என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அதன் மாதிரியை முழு அளவில் முற்றத்தில் கிடத்தி, தலைக்கும் வாலுக்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் வரிசையாகப் படுக்கலாம் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு படுத்துப் பார்க்கச் சொல்லலாம். பவளப் பாறையையும் இப்படித்தான் காட்ட வேண்டும், ஏனென்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்து வந்து வகுப்பில் வைப்பது குற்றம்.

இத்தனையிலும் போனைவிட முக்கியமானது பேச்சு. ஷானன் புரூடன், சூசன் லெவின், ஜானலன் ஹட்டன்லாக்கர் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வடிவத்தையும் அளவையும் குறிக்கும் சொற்களைப் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளில் பிள்ளைகளும் அவற்றை அதிகம் பேசினார்கள், நாலரை வயதில் இடம்சார் சோதனைகளில் நன்றாகவும் செய்தார்கள். "அது", "இது", "அங்க" என்று சொல்லி முடித்துவிடாமல் விளிம்பு, சரிவு, வளைவு, முனை, உட்புறம் என்று சொல்லுங்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் அணியம் (படகின் முன்பகுதி), வாடை (வடக்குக் காற்று), கொண்டல் (கிழக்குக் காற்று), சோழகம் (தெற்குக் காற்று) என்று சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. "சங்கோட வாய் இப்ப வாடைப் பக்கம் பாக்குதா, சோழகப் பக்கம் பாக்குதா?" என்று கேட்டால், பிள்ளை நடந்து சுற்றி வந்தாலும் மாறாத திசை ஒன்று இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

எந்த வயதில் தொடங்கலாம்? ஜூடி டிலோச் 1987-இல் ஓர் அறையின் சின்ன மாதிரியில் பொம்மையை ஒளித்துவைத்துக் காட்டி, நிஜ அறையில் அதே இடத்தில் தேடச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகள் நேராகப் போய் எடுத்தார்கள், இரண்டரை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. மாதிரி என்பது ஒரு பொருளாகவும் இருக்கிறது, இன்னொன்றைக் குறிக்கவும் செய்கிறது என்பதை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள அந்த வயதில் வராது. திரையில் தெரியும் சங்கும் அப்படித்தான். ஆகவே ஐந்து வயதுக்கு முன்னால் ஏ.ஆர். வேண்டாம் என்பது என் முடிவு. அதுவரை கட்டைகள், ஓலைக் காத்தாடி, பனையோலைப் பெட்டி முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, மணலில் வீடு கட்டுவது, இவையே போதும். அதற்குப் பிறகும் இவை தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி 2 வயதுக்குள் திரை தவிர்க்கப்பட வேண்டியது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து வயதிலும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலே நிறைய.

ஆதாரங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏ.ஆர். புத்தகத்தால் இடம்சார் திறன் வளர்ந்ததை ஸ்பெயினில் ஹோர்ஹே மார்ட்டின் குட்டியரெஸும் உடனிருந்தவர்களும் 2010-இல் காட்டினார்கள், ஆனால் அது முதலாண்டு பொறியியல் மாணவர்களிடம். சின்னப் பிள்ளைகளை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் குறைவு. இடம்சார் பயிற்சியால் பலன் உண்டு என்பது உறுதியாகத் தெரிகிறது; ஏ.ஆர். அந்தப் பயிற்சிக்கு ஒரு கருவி. "இந்த ஆப் வாங்கினால் மூளை வளரும்" என்று விற்க வருகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் இது வேலை செய்யாது. விலை குறைந்த சில போன்களில் திரும்பும் கோணத்தை அளக்கும் உணரியே இருக்காது. ப்ளே ஸ்டோரில் 'கூகுள் ப்ளே சர்வீசஸ் ஃபார் ஏ.ஆர்.' என்பதைத் தேடி, உங்கள் போனுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாதிரிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் போனாலும் கவலையில்லை. விளம்பரம் குறுக்கிடும் செயலி வேண்டாம். பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நடக்கும் என்பதால் படகுத்துறையிலோ கிணற்றடியிலோ ரோட்டோரத்திலோ ஒருபோதும் வேண்டாம். பாயைச் சுற்றி இரண்டடிக்கு எதுவும் இல்லாமல் ஒதுக்கிவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு போன்தான் இருக்கிறது என்றால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒருவர் போனைப் பிடிக்கட்டும், மற்றவர்கள் திரையைப் பார்க்காமல் பாயைச் சுற்றி உட்கார்ந்து, தத்தம் இடத்திலிருந்து சங்கு எப்படித் தெரியும் என்று முதலில் வரையட்டும். பிறகு போன் ஒவ்வொருவர் இடத்துக்கும் போய், வரைந்ததைச் சரிபார்க்கட்டும். படம் பொருந்தாத பிள்ளையைத் திருத்த வேண்டாம், எழுந்து போய் இன்னொருவர் இடத்தில் உட்காரச் சொன்னால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் சில பிள்ளைகள் போன் தன்னிடம் வருவதற்கு முன்பே அழித்துத் திருத்தத் தொடங்குவார்கள். அப்போது சங்கை எடுத்துவிட்டு, கைப்பிடி வைத்த குவளை, நாற்காலி, கடைசியில் ஒரு வல்லம் (மீன்பிடிப் படகு) என்று பக்கங்கள் அதிகமாக மாறும் பொருள்களுக்குப் போகலாம்.